கரைக்கு வந்ததைக் கேட்டுச் சாப்பிடுங்கள்

தூத்துக்குடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலையாக வருகிறவர்கள். துறைமுகத்தில் சரக்கு எடுக்க, அனல்மின் நிலையத்துக்கு, உப்பளம் பார்க்க, திருச்செந்தூர் போகும் வழியில் ஓர் இரவு தங்க, ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதா திருவிழாவுக்கு. பசித்த நேரத்தில் கண்ணில் படும் கடைக்குள் நுழைந்து, எந்த ஊரிலும் கிடைக்கும் ஒரு மீன் வறுவலைச் சொல்லி, சாப்பிட்டு முடித்து, இதற்கா இவ்வளவு பேச்சு என்று ஏமாற்றத்தோடு எழுந்து போகிறார்கள். அப்படி யாரும் இந்த ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

இங்கே ஊர்ச் சாப்பாடு கடலின் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. படகு எப்போது போகிறது, எப்போது திரும்புகிறது, எந்த நாளில் போகாது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். எந்த வேளையில் எங்கே உட்கார்ந்து எதைக் கேட்பது என்பது தானாக விளங்கிவிடும். கடையின் பெயரைவிட இது முக்கியம். கடைகள் கைமாறும், சமையல்காரர் மாறுவார், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும். படகின் நேரம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

படகின் நேரம்

இந்தக் கரையில் இரண்டு வகைப் படகுகள். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகும் விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது இங்குள்ள ஏற்பாடு. அதனால் விசைப்படகு மீன் கரைக்கு வருவதும் ஏலம் போவதும் இரவில். மறுநாள் மதியம் உங்கள் இலைக்கு வருவது அந்த மீன்தான். நாட்டுப் படகுகளும் வள்ளங்களும் திரேஸ்புரம் போன்ற கரைகளைச் சேர்ந்தவை. இவர்களில் கரையோரம் வலை போடுகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். தங்குகடல் போகிறவர்கள் சில நாள் கடலிலேயே இருந்துவிட்டுச் சனிக்கிழமை கரை சேர்வார்கள். சனிக்கிழமை திரேஸ்புரம் கரையில் நிற்கும் கூட்டத்துக்கு அதுதான் காரணம். ஊரே ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு அன்று மீன் வாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையின் பரதவர் ஊர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கத்தை ஏற்றவை. ஞாயிறு என்றால் பூசை, குடும்பம், ஓய்வு. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு எளிது. சனி இரவும் ஞாயிறு மதியமும் மீனுக்கு நல்ல வேளை. திங்கள் மதியம் மிக மோசமான வேளை, ஏனென்றால் ஐஸில் கிடந்த பழைய மீன்தான் பெரும்பாலும் இருக்கும். திங்கட்கிழமை வந்து சேர்ந்தீர்கள் என்றால் மீனைத் துரத்த வேண்டாம். கருவாட்டுக் குழம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல சீலாக் கருவாடோ நெத்திலிக் கருவாடோ கத்தரிக்காயோடு புளியில் கொதித்து வந்தால், பழைய மீனைவிடப் பல மடங்கு மேல்.

ஆண்டுக்கு ஒரு பெரிய இடைவெளியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே மீன் கிடைக்கும், குறைவாக, விலை கூடுதலாக. அந்த நாட்களில் பல கடைகளில் கேரளத்திலிருந்து லாரியில் வந்த மீன்தான் குழம்பில் இருக்கும். அது குற்றமில்லை, தெரிந்து சாப்பிடுவது நல்லது. கோடையில் வருகிறவர்களுக்கு என் யோசனை: காலையில் திரேஸ்புரம் பக்கம் ஒரு நடை போய், வள்ளத்தில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மதியம் அதே மீனைக் கடையில் கேளுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் பலமாக அடிக்கும் மாதங்களிலும், வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாட்களிலும் படகுகள் போகாது. தங்கியிருக்கும் இடத்தில் யாரிடமாவது "நேத்து போட்டு கடலுக்குப் போச்சா?" என்று கேட்டால் பதில் உடனே வரும். இந்த ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்.

இலையின் முன்னால்

மதியச் சாப்பாட்டுக்கு 12.30 மணிக்குப் போய்விடுங்கள். 2 மணிக்கு மேல் குழம்பு இருக்கும், நல்ல துண்டு இருக்காது. பெரிய ஹோட்டல்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஊர்ச் சமையலைத் தேடுகிறவர்கள் பழைய துறைமுகம், கடற்கரைச் சாலை, மார்க்கெட் ஆகியவற்றைச் சுற்றியுள்ள சிறிய மெஸ்களையும் சாப்பாட்டுக் கடைகளையும் பார்க்க வேண்டும். சுமை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், மீன் ஏலத்துக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கடை என்றால் தயங்காமல் நுழையலாம். அவர்களை இரண்டு நாள் ஏமாற்றினால் மூன்றாம் நாள் கடையில் ஆள் இருக்காது.

உட்கார்ந்ததும் விலைப்பட்டியலைத் தேடாதீர்கள். பரிமாறுகிறவரை, அல்லது கல்லாவில் இருக்கும் பெரியவரை, "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். சமைப்பதும் பரிமாறுவதும் பெண்கள் என்றால் "அக்கா". இந்த ஒரு கேள்வி பல காரியங்களைச் செய்யும். மீனைப் பற்றித் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று அவருக்குப் புரியும். நல்ல துண்டு எது என்று அவரே சொல்லுவார். பல கடைகளில் மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி முன்னாலேயே வைத்திருப்பார்கள். எழுந்து போய்ப் பார்த்து, இந்தத் துண்டு என்று காட்டினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பெயர்களில் ஒரு குழப்பம் வரும். சென்னையில் வஞ்சிரம் என்று கேட்கும் மீன் இங்கே சீலா. சென்னையில் ஷீலா என்று விற்பது வேறு மீன், அது இங்கே ஊளி. மத்தி என்று கேட்டால் சிலருக்குப் புரியும், சாளை என்றால் எல்லாருக்கும் புரியும். சீலா விலை அதிகம், விசேஷ நாட்களில் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டிவிடும். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். என் கருத்து கேட்டால், வறுவலுக்குச் சாளை, குழம்புக்கு விளைமீன் அல்லது பாறை. விளைமீன் தலை போட்ட குழம்பு இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். முள் பயம் உள்ளவர்களுக்கு ஊளி நல்லது. கணவாய் கேட்டால் வேகவைத்த பதத்தைப் பாருங்கள். ரப்பர் போல இழுத்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அடுத்த முறை வேறு கடை. நண்டு வாங்கும்போது சினை நண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முட்டையோடு பிடித்துத் தின்றுகொண்டே இருந்தால் மன்னார் வளைகுடாவில் நண்டு எங்கிருந்து வரும்? ஆமையும் கடல் அட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்கள். யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும்.

குழம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. தேங்காயை மை போல அரைத்து, மிளகாய், மல்லி, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்து, புளியில் கரைத்துக் கொதிக்க வைத்து, கடைசியில் மீனைப் போட்டு இறக்குவது இந்தக் கரையின் வழக்கம். மாங்காய்ப் பருவத்தில் புளியைக் குறைத்து மாங்காய் போடுவார்கள். முருங்கைக்காயும் சேரும். செட்டிநாட்டுக் குழம்பின் மசாலா வாசனையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது முதலில் சாதுவாகத் தெரியலாம். இரண்டாவது கவளத்தில் மீனின் ருசி மேலே வரும். மீன் நேற்றையதாக இருந்தால் அதை மறைக்க இந்தக் குழம்பில் இடமே கிடையாது. தேங்காய்க் குழம்பு நன்றாக இருக்கிற கடையில் மீனும் நன்றாக இருக்கும் என்று நம்பலாம்.

இலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். சோறும் குழம்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். வறுவலுக்குத் தனி விலை, அதை முன்பே கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். பெரிய மீன்களுக்கு அன்றாடம் விலை மாறும். முதல் சோற்றுக்கு மீன் குழம்பு, அடுத்ததற்கு ரசம், கடைசியில் மோர். முள்ளை இலையின் ஓரத்தில் ஒதுக்குங்கள், மேசையில் வேண்டாம். உப்பு கேட்பதற்கு முன் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளையும் ஊர் இது, சமையல்காரர்களின் கை உப்பில் தாராளமானது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சைவச் சமையலின் எல்லைக்குள் இருக்கும் ஊர் இது. மதிய மீன்கடையில் உட்கார நேர்ந்தால் சாம்பார், கூட்டு, ரசம் தனியாக உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் போகும் கடைகள் உண்டு.

முத்து எடுத்த கரையில்

முத்துக்குளிப்பவர்கள் சாப்பிட்ட சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நேர்மையான பதில்: அப்படி ஒரு கடை இல்லை. மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு கடலடிப் பார்களில் சிப்பி போதுமான அளவு சேரவில்லை. சிப்பி கிடைத்த காலத்திலும் அதன் சதை உணவாகப் பெரிதாக மதிக்கப்படவில்லை. குவித்து அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவதே முறை.

ஒப்பிட்டுப் பார்க்க ஜப்பானின் முத்துக்கரை ஒன்று உண்டு. மியே மாகாணத்தின் தோபா, ஷிமா கடற்கரைகளில் அமா என்ற பெண்கள் மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் நத்தையும் எடுக்கிறார்கள். அந்தக் கரையில்தான் 1893இல் மிகிமோத்தோ கோகிச்சி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். குளித்து வந்த பெண்கள் குளிர் காய்வதற்காகக் கட்டிய குடிசைகளில் இப்போது விருந்தினரை உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். நடுவில் கரி நெருப்பு, சுற்றிலும் விருந்தினர், எடுத்து வந்த சங்கையும் சிங்கி இறாலையும் ஓட்டோடு நெருப்பில் வாட்டி, அந்தப் பெண்களே கையில் எடுத்துத் தருவார்கள். கடலில் இறங்கியவர் கையாலேயே பரிமாறப்படுகிற சாப்பாடு அது. குளிர்காலத்தில் முத்தை எடுத்த பிறகு சிப்பியின் தசையையும் வீணாக்காமல் சமைக்கிறார்கள்.

தூத்துக்குடிக்கும் அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் 1973இல் இந்த ஊரில்தான் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். சங்குக்குளி இன்னும் நடக்கிறது. சங்கெடுத்த வீடுகளில் சதையைச் சுத்தம் செய்து, வேகவைத்து, மெல்லிசாக அரிந்து வறுப்பதும் உண்டு. இதெல்லாம் கடைக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பரதவர் வீட்டில் உங்களுக்குப் பழக்கம் இருந்தால், அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால், எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். சுறாப்புட்டும், காரல் சொதியும், குழந்தை பெற்ற பெண்ணுக்கென்று வைக்கும் பூண்டுக் குழம்பும் எந்தக் கடையிலும் அந்த ருசியில் கிடைக்காது. பழம், பிஸ்கட் என்று ஏதாவது வாங்கிக்கொண்டு போவது மரியாதை. பெரியவர்கள் செபம் சொல்லி முடிக்கும்வரை சோற்றில் கை வைக்காதீர்கள்.

மாசி

கருவாட்டுக் கடைகளில் கருங்கட்டையைப் போல ஒன்று கிடக்கும். சூரை மீனை வேகவைத்து, புகையில் வைத்து, மரம் போல ஆகும்வரை வெயிலில் உலர்த்திய மாசி அது. மாலத்தீவும் மினிக்காயும் அதன் பிறப்பிடம். தோணிகளின் காலத்திலிருந்து இந்தக் கரைக்கும் இலங்கைக்கும் வந்துகொண்டிருக்கிறது. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை கொழும்புக்குப் போகும் ரயில் பயணிகள் தூத்துக்குடியில் இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல்களும் இந்த வழியில்தான் ஓடின. அந்தப் போக்குவரத்தின் வாசனை இன்றைக்கும் இங்கே சம்பலில் இருக்கிறது.

மாசியை இடித்து, தேங்காய்த் துருவல், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், புளி சேர்த்து அரைத்தால் மாசிச் சம்பல். ஒரு கரண்டி சம்பலுக்கு இரண்டு தட்டுச் சோறு போகும். ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமான கட்சுவோபுஷியும் இதே சூரை இனத்து மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தியதுதான்; அங்கே சீவிச் சாறு எடுப்பார்கள், இங்கே இடித்துத் துவையலாக்குவோம். அங்கே போய் அந்தச் சாற்றைக் குடித்து வியந்து திரும்பும் தமிழர்கள், தூத்துக்குடி மார்க்கெட்டில் அரை மணி நேரம் செலவிட்டால் நம்முடைய பங்கையும் கண்டுகொள்ளலாம்.

வாங்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக உலர்ந்தது. உடைத்த இடம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பிசுபிசுப்பும் பூச்சி அரித்த துளையும் இருந்தால் வேண்டாம். கடைக்காரரிடமே உடைத்துத் தரச் சொல்லுங்கள், வீட்டு அம்மி அதற்குத் தாங்காது.

ராத்திரிக் கடை

மாலை மங்கியதும் ஊர் வேறு முகம் காட்டும். தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை. சில கடைகளின் பலகையில் நைட் கிளப் என்று எழுதியிருக்கும். குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம், உள்ளே பரோட்டாவும் சால்னாவும்தான்.

இங்குள்ள பொரிச்ச பரோட்டா அளவில் சிறியது. வட்டமான பெரிய கல்லின் நடுவில் குழிவாக எண்ணெய் நிற்கும். ஓரத்தில் வேகும் பரோட்டாவை உள்ளே தள்ளிப் பொரித்து, எண்ணெய் வடித்து எடுப்பார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே அடுக்கடுக்காக மென்மை. சாதாரணப் பரோட்டா வேண்டுமானால் அதையும் கேட்கலாம், ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைக் கேட்க வேண்டாம்.

முதலில் இரண்டு மட்டும் சொல்லுங்கள். இலையில் வைத்ததும் சால்னாவை ஊற்றிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒன்றைப் பிய்த்து வெறுமனே வாயில் போட்டுப் பாருங்கள். பிறகு கையால் நொறுக்கிப் போட்டு, சால்னா மூழ்க ஊற்றச் சொல்லி, ஒரு நிமிடம் விட்டுச் சாப்பிட வேண்டும். உடனே சாப்பிட்டால் ஊறாது, நேரம் போனால் கூழாகிவிடும். கோழிச் சால்னா, ஆட்டுச் சால்னா இரண்டையும் கலந்து ஊற்றச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் ஆட்டுச் சால்னா பக்கம். தொட்டுக்கொள்ளச் சுக்காவோ, ஈரலோ, ஒரு கலக்கியோ போதும். சால்னாவில் துண்டு தெரியவில்லை என்பதால் அது சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பும் கறியும் வெந்த சாறு அது.

7 மணிக்கு முன்னால் போனால் சால்னா இன்னும் கூடி வந்திருக்காது. 8லிருந்து 9.30 வரை சரியான நேரம், கூட்டமும் அப்போதுதான். இடம் பிடிக்க ஒரு முறை இருக்கிறது: சாப்பிட்டு முடிக்கப் போகிறவர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள், அவருக்கு அது தெரியும், யாரும் முகம் சுளிப்பதில்லை. சாப்பிட்டு முடித்தபின் இலையை மடித்து நீங்களே எடுத்துப் போடும் கடையா, அவர்கள் எடுக்கும் கடையா என்று பக்கத்து மேசையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். குழந்தைகளோடு வந்தால் காரம் குறைந்த வெறும் பரோட்டாவும் ஆம்லெட்டும். வயிறு பலவீனமானவர்களும் எண்ணெயைத் தவிர்க்க வேண்டியவர்களும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மைதாவும் எண்ணெயும் இரவில் எளிதாகச் செரிப்பவை அல்ல.

காயல்பட்டினத்தில் ஒரு சஹன்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் காயல்பட்டினம். அரபு வணிகத்தோடு நூற்றாண்டுகளாகப் பழகிய முஸ்லிம் ஊர். தரையில் உட்கார்ந்து, ஒழுங்கோடும் நிதானத்தோடும், ஒருவரை ஒருவர் பார்த்துச் சாப்பிடும் பழைய முறை இங்கே களரிச் சாப்பாட்டில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. திருமணம், பெரிய விருந்து ஆகியவற்றுக்கு ஆக்குவது. காசு கொடுத்து உள்ளே போக முடியாது, அழைப்பு வேண்டும். காயல் நண்பர் ஒருவர் இருந்து, அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அது உங்கள் பாக்கியம். ஆகவே முறையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பாய் அல்லது விரிப்பு போட்டிருக்கும். செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். சஹன் எனப்படும் பெரிய தட்டில் சோறு வரும். இரண்டு மூன்று பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். முன்பின் தெரியாதவரோடு உட்கார நேரலாம். அதில்தான் இந்தச் சாப்பாட்டின் அழகே இருக்கிறது. பணக்காரரும் ஏழையும் ஒரே சஹனில் கை போடுகிறார்கள். உட்காரும்போது பக்கத்திலிருப்பவருக்கு சலாமோ வணக்கமோ சொல்லுங்கள். வயதில் மூத்த ஆண்களைக் காக்கா என்று அழைப்பது இங்கே மரியாதை.

கை கழுவ நீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மூத்தவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கிய பிறகே நீங்கள் தொடங்க வேண்டும். வலக்கையால், உங்கள் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுங்கள். நடுவில் தோண்டுவதும், எதிரில் இருப்பவர் பக்கம் கை நீட்டுவதும் கூடாது. நெய்ச்சோறும் களரிக்கறியும் கனமான சேர்க்கை. புளிப்பாகக் கூட வருவதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டால்தான் கடைசிவரை தாங்கும். நல்ல கறித்துண்டை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். மறுக்காதீர்கள், நீங்களும் ஒரு துண்டை அவர் பக்கம் தள்ளுங்கள். உங்களுக்குப் போதும் என்றாலும் கூட இருப்பவர் முடிக்கும்வரை எழக் கூடாது. நீங்கள் கையை எடுத்தால் அவரும் பாதிப் பசியில் எடுத்துவிடுவார். மெதுவாகப் பேசிக்கொண்டே இரண்டு பருக்கையைத் தொட்டுக்கொண்டிருங்கள்.

அழைப்பு இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. மாலையில் காயல் கடைகளில் வாடா என்ற பலகாரம் கிடைக்கும், ரமலான் மாதத்தில் கஞ்சியும் கூட. தம்மடை, வட்டலப்பம் போன்ற இனிப்புகளை வீடுகளில் ஆர்டர் எடுத்துச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், கடைத்தெருவில் கேட்டால் வழி சொல்லுவார்கள். முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். மாசி வாங்க நினைத்துத் தூத்துக்குடியில் விட்டுப்போனவர்கள் இங்கேயும் கேட்கலாம்.

திரும்பும் பையில்

மக்ரூனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மூன்றே பொருள். கூம்பாக, தொட்டால் நொறுங்கும்படி, வாயில் போட்டதும் கரையும்படி இருக்க வேண்டும். கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி முதலிய கடைகள் பெயர் பெற்றவை. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே பசை போல ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஈரக்காற்று பட்டால் இளகிவிடும். ஆகையால் அட்டைப் பெட்டியை நம்பாமல் மூடி இறுக்கமான டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

உடன்குடிக் கருப்பட்டி வாங்குகிறவர்கள் சர்க்கரை கலந்ததை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துண்டை நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசான கரிப்பும் பனையின் புகைவாசனையும் வரவேண்டும். வெறும் இனிப்பு மட்டும் சட்டென்று ஏறினால் விட்டுவிடுங்கள். உடைத்த பக்கம் பளபளவென்று படிகம் படிகமாக இருந்தாலும் சந்தேகம்தான். பங்குனி, சித்திரையில் வந்தால் சாலையோரத்தில் பதநீர் கிடைக்கும். காலை 9 மணிக்குள் குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். சாத்தான்குளம் பக்கம் போக நேர்ந்தால் முதலூரில் தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வா. கோவில்பட்டி வழியாக ரயிலில் போகிறவர்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் பரோட்டாவைப் பார்சல் வாங்கிக்கொள்ளலாம். பொரிச்ச பரோட்டாவை நொறுக்காமல், இலையில் சுற்றி, சால்னாவைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சால்னாப் பொட்டலத்தை ஒரு பாத்திரத்துக்குள் நிறுத்தி வையுங்கள். வண்டி மணியாச்சியைத் தாண்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கு மேல் மொறுமொறுப்பு நிற்காது.